'ழ' வராத தெரு

அன்பு மகளுக்கு,

உன் அப்பா எழுதுவது. வழக்கம்போல் சலூன்காரரை எழுதச் சொல்லவில்லை. நானே, என் கையால், பேனா பிடித்து எழுதுகிறேன். நம்பினால் நம்பு.

கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்காதே அம்மா. வரிகள் பிரேக் போன வண்டி மாதிரி ஓரத்துக்கு ஓடும். சில எழுத்து புடைத்திருக்கும், சில எழுத்து காற்றுப் போயிருக்கும். பஸ் டிப்போவில் டயர் கழற்றியே பழகிய கை இது. அதே பிடியில் பிடித்து ஒரு பேனாவின் முனையை வளைத்துவிட்டேன். முதலில் எழுதியதில் பிழைகளை டீச்சரம்மா பென்சிலால் சுழித்துக் கொடுத்தார். இது திருத்தி எழுதிய படி. முழுதாக இரண்டு பகல் ஆயிற்று.

இப்போது உன் முன்னால் ஆண்பிள்ளைச் சட்டையும் கிராப்புத் தலையுமாக நிற்கிறாரே, அவர்தான் அந்த டீச்சரம்மா. முதலில் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடு. உட்காரச் சொல். பிறகு படி. 'வழியில் பிடிபட்டால் கடிதத்தை விழுங்கிவிடுவேன் ஐயா' என்றார். இத்தனை பக்கத்தை எப்படியம்மா விழுங்குவாய், எழுதும்போதே எனக்கு மூச்சு வாங்குகிறதே என்றேன்.

முக்கியமான சேதியைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை உன் அப்பா டிவியில் வரப்போகிறேன்! பெரிய மைதானத்தில், மந்திரி முன்னால், ஆள் உயரப் பலகையில் பிரஷ்ஷால் இரண்டு சொற்கள் எழுதப்போகிறேன். நீ இருக்கும் ஊரிலும் நம் டிவி தெரியும் என்று சொல்கிறார்கள். காலையிலிருந்தே பெட்டி முன்னால் உட்கார்ந்துவிடு. ஏன், எதற்கு என்பதை வரிசையாகச் சொல்கிறேன். அவசரப்படுத்தாதே, எனக்கு எழுத்துக் கூட்டித்தான் ஓடும்.

நீ எல்லை தாண்டிப் போன பிறகு இங்கே புதுச் சட்டம் வந்தது. அதிபர் தினமும் காலையில் ஒரு பொன்மொழி சொல்கிறார். அது பேருந்து நிலையத்துப் பலகையில் வருகிறது. படிக்கத் தெரியாத கிழடுகள் அதைத் தவறவிடுகிறார்களாம். அதனால் எங்களுக்கெல்லாம் சாயங்கால வகுப்பு, கட்டாயம். வராதவர்களுக்கு ரேஷன் கிடையாது. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் எங்களை உட்கார வைத்தார்கள். முழங்கால் மோவாயில் இடித்தது. உன் அம்மாவுக்குக் கண்ணில் புரை என்று விலக்கு கிடைத்தது. ஆனாலும் அவள் தினமும் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, யார் தப்பாகச் சொல்கிறார்கள் என்று பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மகளே, எழுத்து என்பது இவ்வளவு சந்தோஷமான சமாசாரம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே! ஒருநாள் பஸ்ஸில் போகிறேன், கம்பிக்கு மேலே இருந்த வாசகம் திடீரென்று வாய் திறந்து பேசியது. ப, டி, யி, ல்... 'படியில் நிற்காதீர்'. ஆயுள் முழுக்கப் படியில் நின்றே பயணம் செய்த நான் சட்டென்று உள்ளே ஏறிவிட்டேன். அதற்கப்புறம் கண்ணில் பட்ட பலகையையெல்லாம் உரக்கப் படிக்காமல் விடுவதில்லை. உன் அம்மா என்னோடு வெளியே வரவே கூச்சப்படுகிறாள்.

உன் பழைய கடிதங்களையும் நானே எடுத்துப் படித்தேன். 'அப்பா, வாரம் தவறாமல் சவரம் செய்துகொள்ளுங்கள்' என்று நீ எதிலும் எழுதவில்லையே! சலூன்காரர் படித்துச் சொல்லும்போது மட்டும் எல்லாக் கடிதத்திலும் அது இருந்தது. கேட்டேன். 'மகளா இருந்தா அதையும் எழுதியிருக்கணும்ணே, மறந்துட்டா. நான் சேத்துப் படிச்சேன்' என்கிறார்.

எல்லா எழுத்தும் வசப்பட்டது. 'ழ' மட்டும் மாட்டேன் என்றது. நாக்கை மடித்துச் சொல்லுங்கள் என்பார் டீச்சரம்மா. பாதிப் பேருக்குப் பல் இல்லாத வகுப்பு அது. பூட்டு ரிப்பேர்க்காரர் நாக்கை மடித்த வேகத்தில் அவருடைய பல்செட்டு பலகையில் வந்து விழுந்தது. என் நாக்குக்கு ல, ள, ழ மூன்றும் ஒரே பஸ்தான்.

அந்த நேரம் பார்த்து அடுத்த உத்தரவு வந்தது. எல்லா வீட்டுக் கதவிலும் 'அதிபரே வழி' என்று வீட்டார் தங்கள் கையாலேயே எழுத வேண்டும். டிப்போவிலிருந்து மிச்சம் கொண்டுவந்த நீல பெயிண்ட் என்னிடம் இருந்ததா, விடுவேனா? முதலில் நம் கதவு. உன் அம்மா இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, 'கோணலா இருக்கு, ஆனா கம்பீரமா இருக்கு' என்றாள். அக்கம்பக்கத்தில் பிரஷ் இல்லாதவர்கள், கை நடுங்குகிறவர்கள், எழுதப் பிடிக்காதவர்கள் எல்லோரும் கூப்பிட்டார்கள். தெரு முழுக்க நானே எழுதினேன்.

சலூன்காரர் நம் கதவு முன்னால் வெகுநேரம் நின்றார். 'அண்ணே, இதுல ஒரு எழுத்தக்கூட மாத்தாதீங்க. இப்படியே, அச்சு அசலா இப்படியே, என் கடைக்கும் எழுதுங்க' என்றார். பொத்தான் கடைக்கார அம்மாவை உனக்கு நினைவிருக்கும். அவருடைய மகனைத்தான் வேலைக்குப் போன இடத்திலிருந்து வண்டியில் ஏற்றிப் போனார்கள், இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அவர் கதவில் நான் எழுதி முடித்ததும், கிட்டே வந்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தார். 'சரியா எழுதியிருக்கீங்கண்ணே. ரொம்பச் சரி' என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெயிண்ட் நெடி கண்ணுக்கு ஆகவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். என்ன மனுஷன் நான்!

மறுநாளிலிருந்து வேற்றுத் தெரு ஆட்கள் வந்து கதவுகளைப் பார்த்தார்கள். சிலர் படம் பிடித்தார்கள். என் கையெழுத்தின் அழகுதான் என்று நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். இஸ்திரி கலையாத சட்டை போட்ட ஒருவன், 'யாரு பெரியவரே உங்களுக்கு எழுதக் கத்துக்குடுத்தது?' என்று கேட்டான். எங்கள் டீச்சரம்மா மாதிரி இந்த ஊரில் ஆள் கிடையாது தம்பி என்று ஆரம்பித்து, அவர் வீடு எந்தப் பக்கம் என்பது வரைக்கும் பெருமையாகச் சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலம் வகுப்பறைக் கதவில் அரக்கு முத்திரை இருந்தது. டீச்சரம்மாவைக் கூட்டிப் போய்விட்டார்கள்.

ஓட்டமும் நடையுமாகச் சலூனுக்குப் போனேன். சலூன்காரர் கதவைப் பாதி இழுத்துவிட்டு, சவர நுரையை விரலில் தொட்டுக் கண்ணாடியில் எழுதிக் காட்டினார். 'அண்ணே, நீங்க எழுத வேண்டியது இது, மடிச்ச ழ. வழி. போற பாதை. நீங்க எழுதினது இது, சாதா ல. வலி. அடிபட்டா வருமே, அது. தெருப் பூரா "அதிபரே வலி"னு எழுதி வச்சிருக்கீங்க.'

நீ அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்தவள். இந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரிப்பாய் என்று தெரியும். எனக்கு அப்போது நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தெரிந்தே ஏனய்யா உன் கடையிலும் எழுதச் சொன்னாய் என்று கேட்டேன். 'எனக்கு எழுதத் தெரியும்ணே. தைரியம்தான் இல்ல. நீங்க தெரியாம எழுதிட்டீங்க, நான் அதுல ஒதுங்கிக்கிட்டேன்' என்றார்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். பயப்படுவாள் என்று பார்த்தால், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரிக்கிறாள். 'வாழ்க்கையில மொத தடவையா எழுதினீங்க. அதுலயும் உண்மைய எழுதி வச்சிட்டீங்களே!' பிறகு முகம் துடைத்துக்கொண்டு, 'அந்தப் பொண்ண வெளிய கொண்டுவரணும். விடிஞ்சதும் கெளம்புங்க, நானும் வரேன்' என்றாள்.

காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்கு நாங்கள் இருவர் மட்டும் போகவில்லை. வகுப்பே வந்தது. பூட்டுக்காரர் பல்செட்டைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். கதவில் எழுதியது நான், பிழை என்னுடையது, டீச்சரம்மா ஒழுங்காகத்தான் சொல்லிக் கொடுத்தார் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. 'அத்தனை கதவுலயும் ஒரே தப்பா? யாரு காதுல குத்தப் பாக்குறீங்க? எல்லாரும் எழுதுங்க, பாக்கலாம்!' என்று காகிதம் கொடுத்து, 'அதிபரே வழி' என்று அவரே சொன்னார்.

எழுதினோம். சிலர் வலி. சிலர் வளி. வளி என்றால் காற்றாம், அது எனக்கு அப்புறம்தான் தெரியும். பூட்டுக்காரர் 'அதிபரே வேலி' என்று எழுதியிருந்தார். என்னய்யா இது என்று கேட்டால், 'வேலின்னா பாதுகாப்புதானுங்களே' என்கிறார். ஒரு கிழவர் 'அதிபரே' என்று மட்டும் எழுதிவிட்டு, கை வலிக்கிறது, மீதியை நாளைக்கு எழுதுகிறேன் என்று கீழே வைத்துவிட்டார். கான்ஸ்டபிள்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தோள் மட்டும் குலுங்கியது.

அப்போது உள்ளேயிருந்து டீச்சரம்மாவைக் கூட்டி வந்தார்கள். உதடு வீங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பெல்லாம் அந்த நிமிஷமே நின்றுபோயிற்று. அவரோ எங்கள் காகிதங்களை வாங்கிப் பார்த்து, வகுப்பில் செய்வது போலவே, 'ஐயா, இவ்வளவு சொல்லியும் நாக்க மடிக்கலையா?' என்றார். பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்து, 'சார், பழைய பாட்டுல வலின்னா வலிமைன்னும் அர்த்தம் இருக்கு. அதிபரே வலிமை. இதுல என்ன தப்பு?' என்று கேட்டார். 'உன் பழைய பாட்டெல்லாம் கோர்ட்ல பாடு' என்று சீறிவிட்டு, 'எழுதுய்யா கேஸ!' என்று ரைட்டரிடம் சொன்னார் இன்ஸ்பெக்டர். ரைட்டர் என்றால் ஸ்டேஷனில் புகார்களை எழுதுகிறவர்.

ரைட்டர் தலைக்கு மேலே ஒரு பலகை மாட்டியிருந்தது. பலகையைக் கண்டால் எனக்குத்தான் வாய் நிற்காதே. எழுத்துக் கூட்டி உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். 'அதிபரை இழிவு செய்யும் சொல்லை எழுதுவோர், அச்சிடுவோர், படியெடுப்போர், உச்சரிப்போர், எக்காரணம் கொண்டும் மன்னிக்கப்பட மாட்டார்.' எக்காரணம் என்பதை முடிக்க எனக்கு நேரம் பிடித்தது. படித்து முடித்தபோது ரைட்டர் பேனாவுக்கு மூடி போட்டிருந்தார்.

'சார், நான் புள்ளகுட்டிக்காரன். என்ன எழுதினாங்கன்னு எழுதாம கேஸ் எழுத முடியாது. எழுதினா, எழுதினவன் நானு.'

'நான் சொல்றேன், எழுதுய்யா.'

'சொல்லுங்க சார். எந்த வார்த்தைன்னு உங்க வாயால சொல்லுங்க, நான் எழுதறேன்.'

இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தார். பலகையைப் பார்த்தார். மூடிக்கொண்டார். பிறகு மேலிடத்துக்குப் போன் போட்டார். 'ஒரு வார்த்தை சார்... இல்ல சார், சொல்ல முடியாது சார்... ஒரே ஒரு எழுத்துதான் சார்... அதுவும் சொல்ல முடியாது சார்...' வேர்த்து ஊற்றியது மனுஷனுக்கு. உன் அம்மா என் விலாவில் முழங்கையால் இடித்து, சிரிக்காதீங்க என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள்.

மேலிடத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். குற்றமே நடக்கவில்லை. படிப்பறிவில்லாத கிழவனின் பிழை அது. அதை நாட்டுக்குக் காட்ட, வெள்ளிக்கிழமை எழுத்தறிவு விழாவில் அந்தக் கிழவனே எல்லோர் முன்னாலும் அந்த இரண்டு சொற்களைச் சரியாக எழுத வேண்டும். அதுவரை டீச்சரம்மா எங்கள் வீட்டிலேயே இருந்து பழக்க வேண்டும், வாசலில் ஒரு கான்ஸ்டபிள் காவல். 'சரியா எழுதினா ரெண்டு பேருக்கும் மன்னிப்பு. தப்பா எழுதினா மொதல்ல இந்தம்மாதான் உள்ள போவாங்க' என்றார் இன்ஸ்பெக்டர். அந்த 'மொதல்ல' என்ற சொல்லை அழுத்திச் சொன்னார்.

நானும் நல்ல பிள்ளையாகப் பழகினேன். சரியாக எழுதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாக.

ஆனால் மகளே, ஊரை நீ பார்க்க வேண்டும்! எங்கள் தெருவில் வெள்ளையடித்து அழித்தார்கள். பார்த்தால் அடுத்த தெருவில் அதே சொல். அதை அழித்தால் ஆற்றுப் பக்கத்துக் குடியிருப்பில். வாசலில் இன்னொருவரை நிறுத்திவிட்டு வந்த கான்ஸ்டபிளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். முகம் தெரியாத மனிதர்கள் என் கோணல் எழுத்தையே பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். என் 'வ' இடது பக்கம் சாயும் அல்லவா, அதே சாய்வு! பிடித்துக் கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: 'எழுத்துப் பிழைங்க, இப்பதான் கத்துக்கறேன்.' வக்கீல் வீட்டிலும் அதே பதிலாம்.

பஸ்ஸில் எனக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற சாக்கில் குனிந்து, 'பெரியவரே, வெள்ளிக்கிழமை எந்த ல போடுவீங்க?' என்று காதில் கேட்டார். வண்டி முழுக்கப் பேச்சு நின்றுவிட்டது, அம்மா. எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு என் பதிலுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கான்ஸ்டபிளும்தான்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவிடம் சொன்னேன். இத்தனை வயதுக்கு மேல் கைக்கு எழுத்து வந்திருக்கிறது, அதை வைத்து அந்த அதிபர் சொன்னதையே எழுதிவிட்டுப் போகவா? அவள் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினாள். அப்புறம், 'மொதல்ல அந்தப் பொண்ண அனுப்பிடணும்' என்றாள். எங்கள் வீட்டில் வேறு பேச்சே நடக்கவில்லை. டீச்சரம்மாதான் சண்டை போட்டார். 'ஐயா, நீங்க சரியாவே எழுதிடுங்க. நான் எங்கயும் போகல' என்று அழுதார். அவருடைய வீங்கிய உதட்டைப் பார்த்துக்கொண்டு நான் எந்த எழுத்தைச் சரி என்று எழுதுவது? அப்படியே கேட்டேன்.

சலூன்காரருக்கு இப்போது தைரியம் வந்துவிட்டது. பின்பக்கச் சந்து வழியாக வந்து டீச்சரம்மாவுக்குக் கிராப்பு வெட்டியது அவர்தான். லாரி கிளீனர் சட்டை அவர் மைத்துனருடையது. நாளை மதியம் லாரி. டீச்சரம்மா கிளம்பிய பிறகும் வீட்டுக்குள் பாடம் நடக்கும் சத்தம் வாசலில் இருக்கும் கான்ஸ்டபிளுக்குக் கேட்க வேண்டும் அல்லவா? உன் அம்மா டீச்சரம்மா குரலில் பேசி ஒத்திகை பார்த்துவிட்டாள். 'நாக்க மடிங்க ஐயா! இன்னும் மடிங்க ஐயா!' என்று என்ன மிரட்டு மிரட்டுகிறாள் தெரியுமா? கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என்னை 'ஐயா' என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

மைதானத்துக்கும் வருகிறாளாம். பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று இன்ஸ்பெக்டரிடம் அவளே கேட்டு அனுமதி வாங்கிவிட்டாள். நீ வீட்டிலேயே இரு என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். 'டப்பாவ நீங்க பிடிச்சா கை நடுங்கும்' என்று முடித்துவிட்டாள். உனக்கு அவள் சொல்லச் சொன்னது: நன்றாகச் சாப்பிடு, வேளைக்குத் தூங்கு, அந்தப் பெண்ணை உன் கூடப் பிறந்தவளாகப் பார்த்துக்கொள், வேலை கிடைக்கிறவரை தனியே விடாதே.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதோ பார்:

ழ ழ ழ ழ ழ

எவ்வளவு அழகாக மடிந்து நிற்கிறது! டீச்சரம்மாவே கை தட்டினார். எனக்கு இப்போது 'ழ' நன்றாக வரும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதுவேன். இதை நீ உன் கண்ணால் பார்த்துவிட்டாய். வெள்ளிக்கிழமை பலகையைப் பார்த்துவிட்டு, பாவம், கிழவனுக்கு இன்னும் எழுத வரவில்லை என்று யாராவது சொன்னால் நீ ஒத்துக்கொள்ளாதே. அப்பாவுக்கு எழுதத் தெரியும் என்று சொல்.

நீ நூறு வயது நிறைவாக இரு. பயமில்லாத வீட்டில், உனக்குப் பிடித்ததை எழுதிய கதவுக்குள் இரு. அடுத்த வாரமும் எழுதுவேன். நான் இருக்கும் இடத்தில் காகிதம் கொடுப்பார்களா, தெரியவில்லை. கொடுக்காவிட்டால் என்ன, சுவர் இல்லாத இடம் உண்டா?

தன் பெயரைத் தானே எழுதத் தெரிந்த,
உன் அப்பா